லொகேஷன் ஸ்விட்ச் யார் கையில்?

எங்க அபார்ட்மென்ட்ல நாங்க நாலு பேர். போன்ல லொகேஷன் தகராறுன்னு யார் புலம்பினாலும் மத்த மூணு பேரும் சொல்ற வைத்தியம் ஒண்ணேதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மச்சி". சுக்குக் கஷாயம் மாதிரி, எந்த வியாதிக்கும் அதே. பாதி நேரம் கேட்கும். எதனால கேட்குதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

சரி, செட்டிங்ஸ் உள்ளே போய் நிதானமா எண்ணிப் பாருங்க. ஒரு ஸ்விட்ச் இல்ல. லொகேஷன்னு ஒண்ணு. லொகேஷன் அக்யுரசின்னு ஒண்ணு. வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி பர்மிஷன், அதுக்குள்ள 'ப்ரிசைஸ்' வேணுமா வேண்டாமான்னு இன்னொரு கேள்வி. இது போதாதுன்னு கூகுள் அக்கவுண்ட்டுக்குள்ள டைம்லைன், வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி. நம்ம ஊர் மச்சு வீட்டுல மாடிப்படி லைட்டுக்குக் கீழ ஒரு ஸ்விட்ச், மேல ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அந்த மாதிரி. கீழ அணைச்சிட்டுப் போனா மேல யாரோ போட்டு வெச்சிருக்காங்க.

இத்தனை ஸ்விட்ச் எதுக்குன்னு தோண்டப் போனா, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு வருஷமும் ஒரு சண்டையும் இருக்கு. பல சண்டைகள் நடந்த இடம் நான் தினம் பஸ்ல போற இதே பே ஏரியா. சிலது நியூ ஜெர்சி, டெக்சாஸ் வரைக்கும் போயிருக்கு. ஆனா அங்க போறதுக்கு முன்னாடி அடிப்படையான ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன்.

எங்க தாத்தா இலங்கை வானொலிப் பைத்தியம். கொழும்புல இருந்து பாட்டு வரும், தூத்துக்குடிப் பக்கம் திண்ணையில உட்கார்ந்து கேட்பாரு. அவர் கேட்கிறாரா, தூங்கிட்டாரா, எப்போ அணைச்சாரு, கொழும்புக்காரங்களுக்கு எதுவும் தெரியாது. நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட் கார்டு போட்டாதான் 'இன்ன ஊர்ல இன்னார்'னு ஒருத்தர் இருக்கிற விஷயமே அவங்களுக்குத் தெரியும். ஜிபிஎஸ் அச்சு அசல் இதேதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள், 'நான் இன்னார், இங்க இருக்கேன், இப்போ மணி இவ்வளவு'ன்னு ஓயாம ஒலிபரப்பிக்கிட்டே இருக்கு. உங்க போன் அதை வெறுமனே கேட்குது. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்குப் போட்டா தூரம். மூணு கோளோட தூரம் தெரிஞ்சா இடம் கிடைச்சிடும். ஆனா போன்ல இருக்கிற கடிகாரம் மலிவு விலை. மைக்ரோ செகண்டுல ஒண்ணு பிசகினா 300 மீட்டர் தப்பாயிடும். அந்தக் கடிகாரப் பிசகையும் கண்டுபிடிக்கத்தான் நாலாவது கோள்.

நம்ம படங்கள்ல கமிஷனர் ஆபீஸ்ல பெரிய ஸ்க்ரீன்ல சிவப்புப் புள்ளி மினுக்கும், "சார், சாட்டிலைட் மூலமா அவனை ட்ரேஸ் பண்ணிட்டோம்!"னு ஒருத்தர் கத்துவாரு பாருங்க. ம்ஹும். அந்தச் சாட்டிலைட்டுக்கு நீங்க யாருன்னே தெரியாது. தெரிஞ்சிக்க அதுல வழியே கிடையாது. அப்போ எப்படி நாம போற வர்ற இடமெல்லாம் ஊருக்கே தெரியுது? நடுவுல எங்கேயோ நம்ம போன் போஸ்ட் கார்டு எழுத ஆரம்பிச்சிடுச்சு. அது எப்போ, ஏன் எழுத ஆரம்பிச்சதுங்கிறதுதான் எனக்கு இதுல சுவாரசியமான வரலாறு.

முதல் லொகேஷன் ஸ்விட்ச் நம்ம கையில இல்ல, பென்டகன் கையில இருந்தது. 1957ல ரஷ்யாக்காரங்க ஸ்புட்னிக் விட்டதும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்துல ரெண்டு பேர் அதோட 'பீப் பீப்'ல வர்ற டாப்ளர் மாற்றத்தை வெச்சே அதோட பாதையைக் கண்டுபிடிச்சாங்க. கோளோட பாதை தெரிஞ்சா கேட்கிறவன் இடத்தைத் தலைகீழாக் கண்டுபிடிக்கலாமேன்னு அங்க மேலதிகாரி ஒருத்தருக்குத் தோணிச்சு. அதுல இருந்து கடற்படைக்கு டிரான்சிட்னு ஒரு அமைப்பு வந்தது. 1973ல விமானப்படை கர்னல் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் தலைமையில இன்னைக்கு இருக்கிற ஜிபிஎஸ்ஸுக்கு வடிவம் கொடுத்தாங்க. (பின்னாடி இவர் இங்க ஸ்டான்ஃபோர்டுல பேராசிரியரா வந்துட்டாரு.) 1978 பிப்ரவரியில முதல் கோள் மேல போச்சு.

1983 செப்டம்பர் 1ல கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள்ள போயிடுச்சு. சுட்டு வீழ்த்தினாங்க, 269 பேரும் போயிட்டாங்க. அந்த மாசமே ரீகன் அரசு, ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்துல எல்லாருக்கும் இலவசம்னு அறிவிச்சது. ஆனா முழுசாக் கொடுக்க மனசு வரல. சாமானியர் கேட்கிற சிக்னல்ல வேணும்னே ஒரு குளறுபடியைக் கலந்து விட்டாங்க. 'செலக்டிவ் அவெய்லபிலிட்டி'ன்னு நாகரிகமா ஒரு பேரு. அதனால புள்ளி 100 மீட்டர் வரைக்கும் தள்ளாடும். இதுல ஒரு கூத்து என்னன்னா, 1990-91 வளைகுடாப் போர்ல ராணுவத்துக்கே ராணுவ ரிசீவர் போதல. இங்க சன்னிவேல்ல ட்ரிம்பிள் கம்பெனி (ஹியூலட் பாக்கார்டுல இருந்து வெளியே வந்த சார்லி ட்ரிம்பிள் 1978ல ஆரம்பிச்சது) செஞ்ச சாதாரண ரிசீவரை வாங்கிப் பாலைவனத்துக்கு அனுப்பினாங்க. தங்க ஆளுங்களே வழி தவறக் கூடாதுன்னு குளறுபடியையும் தற்காலிகமா அணைச்சு வெச்சாங்க.

நிரந்தரமா அணைச்சது 2000 மே 1 நள்ளிரவு, கிளின்டன் உத்தரவுல. ஒரே ராத்திரியில உலகத்துல இருந்த அத்தனை ரிசீவரும் பல மடங்கு துல்லியமாயிடுச்சு. யாரும் ஒரு பைசா செலவு பண்ணல, ஒரு அப்டேட்டும் போடல. மே 3ஆம் தேதி ஒரேகான்ல ஒருத்தர் காட்டுல ஒரு வாளியை ஒளிச்சு வெச்சு, அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் இன்டர்நெட்ல போட்டாரு. 'முடிஞ்சா கண்டுபிடி'. ஜியோகேச்சிங்னு இன்னைக்கும் ஆடறாங்களே, அதோட ஆரம்பம் அதுதான்.

துல்லியம் வந்துடுச்சு, ஆனா வேகம்? அங்கதான் அடுத்த சிக்கல். செயற்கைக்கோள் தன்னோட பாதை விவரத்தை எவ்வளவு வேகத்துல சொல்லுது தெரியுமா? நொடிக்கு 50 பிட். ஆமா, ஐம்பதே பிட். ஒரு கோள் தன்னைப் பத்திச் சொல்லி முடிக்கிற ஒரு சுத்துக்கு 30 நொடி. எல்லாக் கோள்களோட பஞ்சாங்கமும் வந்து சேர பன்னிரண்டரை நிமிஷம். அதுவும் தலைக்கு மேல வானம் தெரியணும். சிக்னல் அவ்வளவு பலவீனம், ஓட்டு வீட்டுக்குள்ளேயே திணறும், கான்கிரீட் கட்டடத்துக்குள்ள கேட்கவே வேண்டாம்.

இந்தியாவுல இருந்து ஃபிளைட்ல வந்து இறங்கினதும் போன் இன்னும் பழைய ஊரையே காட்டிக்கிட்டு நிக்குதுன்னா காரணம் இதான். கையில இருக்கிற பஞ்சாங்கமும் கடைசி இடமும் பூமியோட அந்தப் பக்கத்துக்கு உரியது. சிம்மும் இல்ல, வைஃபையும் இல்லன்னா சும்மா ஆஃப் ஆன் பண்ணி அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் பாதியில கேட்ட 30 நொடிச் செய்தி வீண். ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்து, வானம் தெரியற இடத்துல ஒரு சில நிமிஷம் அசையாம வெச்சிருந்தாலே போதும். காருக்குள்ள பிரச்சினைன்னா, சில கார்ல கண்ணாடியில உஷ்ணம் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலையும் சேர்த்துத் தடுக்கும். புள்ளி சரியான இடத்துல நின்னு அம்பு மட்டும் தப்பான திசை காட்டினா அது ஜிபிஎஸ் குத்தமே இல்ல, காந்த திசைகாட்டியோட குத்தம். காந்தம் வெச்ச கேஸைக் கழட்டிட்டு காத்துல '8' போட்டுப் பாருங்க. (பொது இடத்துல கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும் :-))

ஜிபிஎஸ் தனியா, யார் தயவும் இல்லாம வேலை செய்யறதைப் பார்க்கணும்னா கடலுக்குத்தான் போகணும். ராமேஸ்வரம், கன்னியாகுமரி மீனவர்கள் படகுல ஜிபிஎஸ் பெட்டி ரொம்ப காலமாவே உண்டு. நடுக்கடல்ல டவர் ஏது? கோள் மட்டும்தான். 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் காகிதத்துல போட்டுக்கிட்ட எல்லைக் கோடு தண்ணியில தெரியாது, அந்தப் பெட்டியில தெரியும். (கோடு தெரிஞ்சும் ஏன் தாண்டறாங்கங்கிறது மீன் எங்க இருக்கு, படகு எவ்வளவு பெருசு, கடன் எவ்வளவுங்கிற கதை. அதைத் தனிப் பதிவாத்தான் எழுதணும்.)

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு அந்தக் கரைக் கிராமங்கள்ல இருந்து ஆழ்கடலுக்குப் போனவங்க வாரக்கணக்குல வெளியே இருந்தாங்க. தாங்க எங்க இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியும். கரைக்குத்தான் தெரியாது. புயல் வருதுன்னு கரைக்குத் தெரியும், அவங்களுக்குச் சொல்ல வழி இல்ல. எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்ல. இடம் தெரியறது வேற, இடத்தைத் தெரிவிக்கிறது வேற. ஜிபிஎஸ் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். அதுக்கப்புறம் 2019ல ககன் செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்புற 'ஜெமினி' கருவி வந்தது, அதுவும் ஒருவழிதான். ரெண்டு பக்கமும் பேசற டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகள்ல பொருத்துற திட்டம் தொடங்கினது 2024 ஆகஸ்டுல.

இதே பிரச்சினை அமெரிக்காவுல தரை மேல 1990கள்லயே வந்தது. வீட்டு போன்ல இருந்து 911 கூப்பிட்டா அட்ரஸ் தானா ஸ்க்ரீன்ல வந்துடும். செல்போன்ல இருந்து கூப்பிட்டா வராது. ஹைவேயில அடிபட்டுக் கிடக்கிறவன் எந்த எக்ஸிட்டுன்னு எப்படிச் சொல்லுவான்? 1996ல எஃப்.சி.சி. ஒரு விதி போட்டது: செல்போன்ல 911 அழைச்சா கம்பெனிகள் இடத்தையும் சேர்த்துக் கொடுக்கணும். 1999ல அதைத் திருத்தி, போனுக்குள்ளேயே இடம் கண்டுபிடிக்கிற முறைன்னா மூணுல ரெண்டு அழைப்புக்கு 50 மீட்டருக்குள்ள இருக்கணும்னு இறுக்கினாங்க. அவசரத்துல இருக்கிறவன் பன்னிரண்டரை நிமிஷம் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாதில்லையா? கேட்டதை வேகமாக் கொடுத்தாகணும்.

வழி கண்டுபிடிச்ச கம்பெனிகள்ல முக்கியமானது ஸ்னாப்ட்ராக். நார்மன் கிராஸ்னர், ஸ்டீவ் பாய்ஸ்னர் ரெண்டு பேரும் 1995ல இங்க சான் ஹோசே பக்கம் ஆரம்பிச்சது. யோசனை எளிமையானதுதான். கோள் சொல்ற பஞ்சாங்கத்தை 50 பிட் வேகத்துல போன் ஏன் கேட்டுக்கிட்டு உட்காரணும்? தரையில பெரிய ஆன்டெனா வெச்சு கேட்டு, செல் டவர் வழியா போனுக்குச் சொல்லிட்டா? போன் வானத்தை ஒரு நொடி 'போட்டோ' புடிச்சு அனுப்பினா போதும், மிச்சக் கணக்கை சர்வர் போட்டுக்கும். நிமிஷம் போய் நொடியாச்சு. 2000ல குவால்காம் 100 கோடி டாலர் மதிப்புக்குப் பங்குகள் கொடுத்து ஸ்னாப்ட்ராக்கை வாங்கிடுச்சு. ஏ-ஜிபிஎஸ்னு இன்னைக்கு ஸ்பெக் ஷீட்ல வர்றது அந்தக் குடும்பம்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சமயத்துல சரியாகுதே, அப்போ பல தடவை நடக்கிறதும் இதுதான்: தேடல் புதுசாத் தொடங்குது, பஞ்சாங்கம் டவர்ல இருந்தோ நெட்ல இருந்தோ புதுசா வந்து இறங்குது. அதனாலதான் டேட்டா இல்லாத இடத்துல அந்த வைத்தியம் பலிக்கிறதில்ல.

கவனிச்சீங்களா? முதல் போஸ்ட் கார்டு இங்கதான் விழுந்தது. 'நான் இந்த டவர் பக்கம் இருக்கேன், எனக்குப் பஞ்சாங்கம் அனுப்பு'ன்னு போன் எழுதியாகணும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. உயிர் காக்கற காரியம். இன்னைக்கும் அமெரிக்காவுல 911 அழைச்சா, லொகேஷன் ஸ்விட்சை நீங்க ஆஃப்ல வெச்சிருந்தாலும் போன் இடத்தை அனுப்பும். அது நல்லதுதான், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா எழுதக் கத்துக்கிட்ட கை சும்மா இருக்குமா?

2007ல வந்த முதல் ஐபோன்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது. அந்த நவம்பர்ல கூகுள், செல் டவரை வெச்சு உத்தேசமா இடம் காட்டற 'மை லொகேஷன்' விட்டது. 2008 ஜனவரியில ஆப்பிள் ஸ்கைஹூக்னு பாஸ்டன் கம்பெனியோட வைஃபை வரைபடத்தைச் சேர்த்தது. வேலை செய்யற விதம் இது: உங்க போன் அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர்களோட எண்களைக் குறிச்சு சர்வருக்கு அனுப்பும், 'இந்த ரௌட்டரெல்லாம் இன்ன தெருவுல இருக்கு'ன்னு சர்வர்ல இருக்கிற நோட்டைப் பார்த்து பதில் வரும். அந்த நோட்டை யார் எழுதினது? முதல்ல கம்பெனி காருங்க தெருத்தெருவாப் போய் எழுதிச்சு. அப்புறம் நம்ம போன்களே. நம்ம ஊர்க் கல்யாண மொய் மாதிரி. நீங்க இடம் கேட்டு வாங்கிக்கறீங்க, பதிலுக்கு நீங்க பார்த்த ரௌட்டர்களை மொய் எழுதிட்டுப் போறீங்க. மொய் நோட்டு மட்டும் கம்பெனி வீட்டுல.

நோட்டு தப்பா இருந்தா என்ன ஆகும்? நியூ ஜெர்சியில இருந்து டல்லாஸுக்கு வீடு மாத்தறவங்க ரௌட்டரையும் பெட்டியில போட்டுக் கொண்டு போவாங்க. புது வீட்டுல மாட்டினதும் போன் ராத்திரியோட ராத்திரியா எடிசன்ல இருக்கிறதாச் சொல்லும். சாப்பாடு ஆர்டர் பண்ணினா ஓக் ட்ரீ ரோடு கடையெல்லாம் வரும். போன் கெட்டுப் போகல, நோட்டு இன்னும் திருத்தப்படல, அவ்வளவுதான். வானம் தெரிய ஒரு நடை நடந்து வந்தா புள்ளி தாண்டிக் குதிக்கும், நோட்டும் கொஞ்ச நாள்ல திருந்தும். உங்க ரௌட்டர் கூகுள் நோட்டுல ஏறவே வேண்டாம்னா வைஃபை பேரோட கடைசியில அடிக்கோடு போட்டு 'நோமேப்'னு ஆங்கிலத்துல ஒரு வால் சேர்த்துக்கலாம். 2011 நவம்பர்ல கூகுள் கொடுத்த வசதி. சும்மா கொடுக்கல. 2010 மேயில ஸ்ட்ரீட் வியூ காருங்க ரௌட்டர் எண்ணோட சேர்த்து, பூட்டாத வைஃபையில ஓடற தகவலையும் அள்ளிட்டு வந்திருக்குன்னு கூகுளே ஒத்துக்க வேண்டி வந்தது. உலகம் பூரா விசாரணை.

2011 ஏப்ரல்ல சான்டா கிளாராவுல 'வேர் 2.0'ன்னு ஒரு மாநாடு. அதுல ரெண்டு ஆய்வாளர்கள், ஐபோனுக்குள்ள பூட்டு இல்லாத ஒரு கோப்புல கிட்டத்தட்ட ஒரு வருஷத்து இட விவரம் கிடக்குதுன்னு படம் போட்டே காட்டினாங்க. ஒரு வாரம் கழிச்சு ஆப்பிள் சொன்ன பதில்: அது நீங்க போன இடம் இல்ல, உங்களைச் சுத்தி இருந்த டவர், வைஃபை பட்டியல், அவ்வளவு நாள் சேர்த்து வெச்சது ஒரு பிழை. அடுத்த மாசமே அப்டேட்ல சுருக்கிட்டாங்க. பதில் பொய்யில்ல. ஆனா 'உங்களைச் சுத்தி இருந்ததோட பட்டியல்'னா அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. 2018. யுசி பெர்க்லியில கே. ஷங்கரின்னு ஒரு ஆராய்ச்சி மாணவி (பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்). மக்கள் வேலைக்கு எப்படிப் போய் வர்றாங்கங்கிறதுதான் அவங்க ஆய்வு, அதனால லொகேஷன் செட்டிங்ஸ் எல்லாம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. லொகேஷன் ஹிஸ்டரியை அணைச்சு வெச்சிருந்த அவங்க ஆண்ட்ராய்டு போன் ஒரு நாள், 'கோல்ஸ் கடைக்குப் போனீங்களே, எப்படி இருந்தது, ரேட்டிங் கொடுங்க'ன்னு கேட்டது. நாமளா இருந்தா தள்ளி விட்டுட்டுப் போயிருப்போம். அவங்க, அணைச்சு வெச்சும் இதுக்கு எப்படித் தெரியும்னு கேட்டு ஒரு வலைப்பதிவு எழுதினாங்க.

அந்தப் பதிவை அசோசியேட்டட் பிரஸ் பிடிச்சுக்கிட்டது. அவங்க கேட்டுக்கிட்டபடி நியூ ஜெர்சியில பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒருத்தர் ஹிஸ்டரியை அணைச்சிட்டு ஆண்ட்ராய்டு போனோட ரயில்ல நியூ யார்க் போய் வந்தாரு. அவர் போன பூங்கா, சந்தை, தெரு எல்லாம் நேரத்தோட அவரோட கூகுள் அக்கவுண்ட்ல இருந்தது. 2018 ஆகஸ்ட் 13ல செய்தி வந்தது. விஷயம் இதான்: 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைச்சாலும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'ங்கிற இன்னொரு ஸ்விட்ச் தானா ஆன்ல இருக்கும். பேர்ல லொகேஷன்ங்கிற வார்த்தையே கிடையாது. மேப்ஸ் திறந்தா, வானிலை அப்டேட் ஆனா, சாக்லேட் பிஸ்கட்னு தேடினாக்கூட இடம் பதிவாகும். ஹிஸ்டரியை அணைச்சா போற இடம் பதிவாகாதுன்னு சொல்லிக்கிட்டிருந்த உதவிப் பக்கத்தை கூகுள் அந்த வாரமே மாத்தி எழுதிச்சு. மாடிப்படி லைட் ஞாபகம் வருதா?

அந்த ஒரு செய்தியில இருந்து கிளம்பின வழக்குகளை எண்ணினா தலை சுத்தும். அரிசோனா 2020ல வழக்குப் போட்டது. அதுல வெளிவந்த உள் ஆவணங்கள்ல கூகுள் ஊழியர்களே இந்த செட்டிங்ஸ் குழப்பமா இருக்குன்னு புலம்பியிருந்தாங்க. 2022 நவம்பர்ல நியூ ஜெர்சி உட்பட 40 மாநிலங்களோட சேர்ந்து 39.15 கோடி டாலருக்கு சமரசம். கலிஃபோர்னியா தனியா 2023ல 9.3 கோடி. டெக்சாஸ் 2022ல போட்ட வழக்கும், அதோட வேற சில அந்தரங்க வழக்குகளும் சேர்ந்து 2025 மேயில 137.5 கோடி டாலர்ல முடிஞ்சது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது பெட்டிக்கடை பாக்கிதான், தெரியும். இருந்தாலும் அடியில ஒரு மாணவியோட ஒரு பதிவு கிடக்குங்கிறது எனக்கு சந்தோஷமா இருக்கு.

"நான் என்ன தப்பு பண்றேன், தெரிஞ்சா தெரியட்டுமே"ன்னு எங்க வீட்டுலயே ஒருத்தன் சொல்றான். அவனுக்கு நான் காட்டினது 2020 பிப்ரவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல வந்த செய்தி. சாதாரண கேம், வானிலை ஆப்கள்ல இருந்து திரட்டி விக்கிற இட விவரத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை காசு கொடுத்து வாங்கி, குடியேறிகளைத் தேடப் பயன்படுத்தினதா எழுதியிருந்தாங்க. வாரன்ட் தேவையில்ல, பில் போதும். செல் டவர் பதிவுகளைப் பொதுவா வாரன்ட் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018 ஜூன்ல சொன்னப்புறமும் கடையில வாங்கறதுக்குத் தடை இல்லாம இருந்தது. விசாவுல இருக்கிற நமக்கு இது ஊர்க் கதை இல்ல. 2024 ஜனவரியில எஃப்.டி.சி., எக்ஸ்-மோட்ங்கிற பேர்ல இருந்த ஒரு தரகு கம்பெனி ஆஸ்பத்திரி, கோயில் குளம்னு நுணுக்கமான இட விவரங்களை விக்கிறதுக்குத் தடை போட்டது. ஒரு கம்பெனிக்கு.

அதனால நான் போன்ல வெச்சிருக்கிற முறையைச் சொல்லிடறேன், வேணும்னா எடுத்துக்குங்க. வரைபடம், டாக்சி ஆப் ரெண்டுக்கும் 'யூஸ் பண்ணும்போது மட்டும்', ப்ரிசைஸ் ஆன். டாக்சிக்காரர் அடுத்த தெருவுல நிக்கிறார்னா முதல்ல இந்த ப்ரிசைஸைப் பாருங்க. ஐபோன்ல 2020லயும் ஆண்ட்ராய்டுல 2021லயும் வந்த வசதி. தெரியாம அணைஞ்சிருந்தா போன் வேணும்னே தோராயமாத்தான் சொல்லும், ஒரு காலத்துல பென்டகன் பண்ணின மாதிரி. வானிலைக்கு ப்ரிசைஸ் எதுக்கு? மழை தெருவுக்குத் தெருவா பெய்யுது! கேமுக்கு லொகேஷனே கிடையாது. லொகேஷன் அக்யுரசியை ஆன்லயே விட்டிருக்கேன், சான் ஃப்ரான்சிஸ்கோ டவுன்டவுன்ல கட்டடத்துல பட்டுத் தெறிக்கிற சிக்னலை மட்டும் நம்பினா புள்ளி பைத்தியம் மாதிரி குதிக்கும். வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி ஆஃப்.

டைம்லைன் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு இடத்துல இந்த நேரத்துல இருந்த எல்லாரையும் கொடுன்னு போலீஸ் கூகுள்கிட்ட கேட்கிற 'ஜியோஃபென்ஸ்' வாரன்ட் பெருகினப்புறம், 2023 டிசம்பர்ல கூகுள் டைம்லைனை சர்வர்ல இருந்து போனுக்கே மாத்தறதா அறிவிச்சது. (டெக்சாஸையும் உள்ளடக்கின அஞ்சாவது சர்க்யூட் நீதிமன்றம் 2024 ஆகஸ்டுல இப்படிப்பட்ட வாரன்ட்டே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிச்சு.) மொய் நோட்டுல நம்ம பக்கத்தைக் கிழிச்சு நம்ம கையிலயே கொடுத்த மாதிரி. ஆனா இப்போ அது உங்க போன்ல மட்டும்தான் இருக்கு. 2025 மார்ச்ல ஒரு கோளாறுல பல பேருக்கு வருஷக்கணக்கான டைம்லைன் அழிஞ்சு போச்சு. பேக்கப் ஆன்ல வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் திரும்பக் கிடைக்க வழி இருந்தது. மேப்ஸ்ல டைம்லைன் பக்கத்துல மேகம் மாதிரி ஒரு பொம்மை இருக்கும், அதை அழுத்தி ஆன்ல இருக்கான்னு பாருங்க. அங்க ஏத்தறதைப் பூட்டித்தான் வைக்கிறோம், எங்களாலயே படிக்க முடியாதுன்னு கூகுள் சொல்லுது.